லுத்தரின் துயரகால ஜெபங்கள்: 1527 முதல் 1542 வரை

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைச் சந்திக்கச் செல்லும் போதகர் எவரும் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது. "ஐயா, நாங்கள் இன்னும் உருக்கமாக ஜெபித்திருக்க வேண்டுமோ?" என்பதே அக்கேள்வி. சிலர் அதை வாய்விட்டுக் கேட்பர். பலர் கேளாமலே மனத்தில் சுமப்பர். உருக்கமான ஜெபம் பலனளிக்கும் என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்டு வந்தவர்கள், பலன் காணாதபோது, தங்கள் உருக்கத்திலேதான் குறைவு இருந்தது என்று முடிவுகட்டுவது இயல்பே. இவ்வாறாகத் துயரப்படுகிறவர்மேல் துயரத்தோடு குற்றவுணர்வும் ஏற்றப்படுகிறது.

ஆதலால், இடுக்கண் நேர்ந்த காலத்தில் உள்ளத்திலிருந்து எழும் ஜெபம் எத்தன்மையது என்பதைத் திருச்சபை வரலாற்றின் ஒரு பகுதியைக்கொண்டு ஆராய்வது ஊழியராகிய நமக்குப் பயனுடையது. சீர்திருத்தத் தலைவராகிய மார்ட்டின் லுத்தர் ஜெபத்தைக் குறித்து நிறைய எழுதியவர். நெருக்கத்திலே நிறைய ஜெபித்தவர். அவர் மன்றாடியவற்றுள் சில அருளப்பட்டன, சில அருளப்படவில்லை. மன்றாடியவரோ ஒருவரே. அவருடைய வாழ்வின் 15 ஆண்டுகளை நோக்குவோமாக.

1. 1527ஆம் ஆண்டின் இருள்

1527ஆம் ஆண்டில் லுத்தருக்கு வயது 43. முன்பு துறவிகளின் மடமாயிருந்த கட்டடமே அவருடைய இல்லம். 1525இல் அவர் கத்தரீனா வான் போரா அம்மையாரை மணந்தார். 1526 ஜூனில் தலைமகன் ஹான்ஸ் பிறந்தான். அவ்வாண்டு ஜூலை 6ஆம் நாள் காலையில் கடும் ஆத்தும வேதனை அவரைப் பற்றிக்கொண்டது. விட்டன்பர்க் நகரப் போதகராகிய யோகான் பூகன்ஹாகனை அழைத்துப் பாவ அறிக்கை செய்தார். அன்று மாலை மயங்கி விழுந்தார். தாம் மரிக்கப் போவதாகவே எண்ணி, மனைவியையும் மகனையும் விதவைகளுக்கும் திக்கற்றவர்களுக்கும் தகப்பனாகிய தேவனிடம் ஒப்புவித்து ஜெபித்தார். வீட்டிலிருந்த சில வெள்ளிக் கிண்ணங்களையன்றி மனைவிக்கு விட்டுச்செல்லத் தம்மிடம் வேறொன்றும் இல்லை என்றும் கூறினார். உடனிருந்த பூகன்ஹாகனும் யுஸ்டுஸ் யோனாசும் இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தபடியால் நாம் இதனை அறிகிறோம்.

உடல் சில நாளில் தேறிற்று, ஆத்துமாவோ தேறவில்லை. ஆகஸ்டுத் தொடக்கத்தில் மெலாங்க்தனுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வாரத்துக்கு மேலாகத் தாம் மரணத்திலும் பாதாளத்திலும் கிடந்ததாகவும், கிறிஸ்துவையே ஏறக்குறைய இழந்துபோனதாகவும் அவர் எழுதுகிறார். ஜெர்மானிய மொழியில் இதற்கு அவர் வழங்கிய சொல் அன்ஃபெக்டுங் என்பது. சோதனை என்றும், ஆத்தும அங்கலாய்ப்பு என்றும், சத்துருவின் தாக்குதல் என்றும் அதனைப் பொருள்கொள்ளலாம். இந்நிலையில் அவர் செய்தது யாது? மெலாங்க்தன், ஆம்ஸ்டோர்ஃப் முதலிய நண்பர்களுக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதித் தமக்காக ஜெபிக்கும்படி வேண்டிக்கொண்டார். பரிசுத்தவான்களின் வேண்டுதலினாலேதான் தேவன் தம்மைப் பாதாளத்தினின்று தூக்கியெடுக்கத் தொடங்கினார் என்றும் குறிப்பிட்டார். பல்லாயிரவருக்கு விசுவாசத்தைப் போதித்தவர், தம் சொந்த ஜெபம் தம்மைத் தாங்காத வேளையிலே சகோதரரின் ஜெபத்தின்மேல் சாய்ந்துகொள்ள வெட்கப்படவில்லை.

இதற்கிடையே விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் புகுந்தது. நாட்டின் அதிபதியாகிய யோகான் லுத்தரை வெளியேறும்படி கட்டளையிட்டார். பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. லுத்தரும் பூகன்ஹாகனும் சபையாரை விட்டு அகல மறுத்து நகரிலேயே தங்கினர். எஞ்சியிருந்த சில மாணவருக்கு லுத்தர் யோவானின் முதலாம் நிருபத்தை விளக்கிப் பாடம் நடத்தினார். நகரத் தலைவரின் மனைவி ஏறத்தாழ லுத்தரின் கைகளிலேயே உயிர்நீத்தார். உதவிப் போதகர் கியோர்க் ரோரரின் மனைவி பிரசவத்தை அடுத்து நோயினால் மரித்தார். அவர் பூகன்ஹாகனின் சகோதரி. லுத்தரின் வீட்டிலேயே நோயாளிகள் கிடந்தனர். குழந்தை ஹான்ஸ் உணவு கொள்ளாமல் வாடினான். கத்தரீனா அம்மையாரோ நிறைசூலியாயிருந்தார். நவம்பர் 1ஆம் நாள் ஆம்ஸ்டோர்ஃபுக்கு எழுதிய கடிதத்தில், தம் வீடு மருத்துவமனையாய் மாறிவிட்டது என்று லுத்தர் குறிப்பிடுகிறார்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில், பிரெஸ்லாவு நகரப் போதகர் யோகான் ஹெஸ் கேட்டதற்கு மறுமொழியாக, கொள்ளைநோய்க்கு விலகி ஓடலாமா என்பது பற்றி லுத்தர் ஒரு சிறுநூல் எழுதினார். பிறர்மேல் பொறுப்பில்லாதவர் விலகிப்போவது பாவமன்று என்றும், போதகர் முதலிய பொறுப்புள்ளோர் தங்கியிருக்கக் கடமைப்பட்டவர் என்றும் அதில் கூறினார். மருந்தைப் புறக்கணித்து, நோய்ப்பட்ட இடங்களில் எச்சரிக்கையின்றித் திரிந்து, தேவன் காப்பார் என்று சொல்பவர் உண்மையில் தேவனைச் சோதிக்கின்றனர் என்றும் கண்டித்தார். ஜெபிக்கிறவன் மருந்தையும் உண்பான். வீட்டைப் புகையிட்டுச் சுத்திகரிப்பான். அயலானுக்குத் தேவைப்படும் இடத்துக்கு அஞ்சாமல் செல்வான். உள்ளத்தில் நடுக்கம் தீராத மனிதர் ஒருவர் தம் கடமையில் நின்றுகொண்டே எழுதியது இது. நடுக்கம் தீர்ந்த பின்னரே ஊழியம் செய்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

2. உருக்கத்திற்கு ஆதாரம் எது?

இந்த இருளைக் கடந்து வந்தவர் 1529ஆம் ஆண்டில் சிறிய ஞானோபதேசத்தையும் பெரிய ஞானோபதேசத்தையும் வெளியிட்டார். சிறிய ஞானோபதேசத்தைச் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் தமிழாக்கினார். அதனை நம்மில் பலர் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆயினும் அதில் அடங்கிய ஒரு செய்தியை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். ஆபத்துக்காலத்தில் ஜெபிக்க வேண்டும் என்பதை லுத்தர் எங்கே வைத்தார்? தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்கலாகாது என்னும் இரண்டாம் கற்பனையின் விளக்கத்தில் வைத்தார். பொய்யாணை முதலியவற்றிற்கு அந்நாமத்தைப் பயன்படுத்தாமல், எல்லா இடுக்கண்ணிலும் அதைச் சொல்லிக் கூப்பிடவும், வேண்டவும், துதிக்கவும், ஸ்தோத்திரிக்கவும் வேண்டும் என்பது அவ்விளக்கத்தின் கருத்து.

இதனால் விளைவது சிறிதன்று. துயரத்தில் ஜெபிப்பது மனநிலையைப் பொறுத்ததாயின், மனம் வறண்டவனுக்கு ஜெபம் இல்லை. அது கற்பனையாயின், வறண்டவனும் கூப்பிடலாம்; கூப்பிடவும் வேண்டும். பெரிய ஞானோபதேசத்தில் கர்த்தருடைய ஜெபத்தை விளக்கப் புகுமுன் லுத்தர் இதனை விரித்துரைக்கிறார். பேதுருவையும் பவுலையும் போலப் பரிசுத்தனல்லாத என் ஜெபத்தைத் தேவன் கேட்பாரோ என்று ஐயுறுகிறவனுக்கு அவர் சொல்லும் மறுமொழி, பேதுருவுக்குக் கொடுக்கப்பட்ட அதே கற்பனையும் அதே வாக்குத்தத்தமும் உனக்கும் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே. ஜெபத்தின் மதிப்பு ஜெபிக்கிறவனின் தகுதியில் இல்லை. ஆபத்துக்காலத்தில் தம்மை நோக்கிக் கூப்பிடச் சொன்ன தேவனுடைய வார்த்தையிலேயே இருக்கிறது (சங்கீதம் 50:15).

அப்படியானால் உருக்கத்திற்கு இடமே இல்லையா? உண்டு. அதே பகுதியில், மெய்யான ஜெபத்தில் ஊக்கம் இருக்க வேண்டும் என்றும், நம் குறைவை நாம் உணர வேண்டும் என்றும், நம்மை நெருக்கிக் கூப்பிடத் தூண்டும் அளவுக்கு அவ்வுணர்வு இருக்க வேண்டும் என்றும் லுத்தர் வற்புறுத்துகிறார். கவனிப்போமாக: உருக்கம் என்பது தேவனை இணங்கவைக்க நாம் கொண்டுசெல்லும் விலையன்று, நம் வெறுமையை நாம் அறிந்திருப்பதே உருக்கம். வெறுங்கையை நீட்டுகிறவன் அக்கையின் வெறுமையைக் காட்டிக் கூலி கேட்பதில்லையன்றோ?

3. சங்கீதங்களும் நாவிதரும்

குறைவை உணர்ந்தவனுக்கும் சொல் வாய்ப்பதில்லை. இதற்கு லுத்தர் காட்டிய வழி சங்கீதப் புத்தகம். 1528இல் அதற்கு எழுதிய முன்னுரையில், மனித இருதயத்தை நாற்றிசைக் காற்றினாலும் அலைக்கழிக்கப்படும் கப்பலுக்கு ஒப்பிடுகிறார். வரவிருக்கும் தீங்கைப் பற்றிய அச்சம் ஒருபுறம் மோதுகிறது; நேர்ந்துவிட்ட தீங்கினால் உண்டாகும் துக்கம் மறுபுறம் மோதுகிறது. இத்தகைய புயலிலே மனிதன் உள்ளதை உள்ளபடி பேசக் கற்றுக்கொள்கிறான் என்றும், சங்கீதங்களை வாசிக்கையில் பரிசுத்தவான்களின் இருதயத்துக்குள்ளேயே நோக்குகிறோம் என்றும் அவர் எழுதினார். எந்த நிலையில் இருப்பவனும் தனக்கென்றே எழுதப்பட்டதுபோன்ற சொற்களை அங்கே காண்பான். அதனால் தான் தனியன் அல்லன் என்றும், தனக்கு முன்பே இவ்வழியாய்ச் சென்றவர் பலர் உண்டு என்றும் தேறுவான். கொள்ளைநோய்க் காலத்தை அடுத்து எழுதப்பட்ட இம்முன்னுரையை நூலறிவின் விளைவு மட்டும் என்று கருதுதல் பொருந்தாது.

1535இல், தமக்குச் சவரம் செய்துவந்த பேத்தர் என்னும் நாவிதர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஜெபிப்பதற்கு எளிய வழியொன்றை லுத்தர் எழுதிக்கொடுத்தார். அந்நூலின் தொடக்கமே நம்மை வியக்கவைக்கிறது. பிற அலுவல்களாலும் எண்ணங்களாலும் தாம் ஜெபத்தில் குளிர்ந்துபோவதை உணரும்போது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ சென்று, பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும், நேரம் வாய்த்தால் பவுலின் வசனங்களையோ சங்கீதங்களையோ, சிறுபிள்ளைகள் செய்வதுபோல வாய்விட்டுச் சொல்வதாக அவர் கூறுகிறார். இருதயம் சூடேறிய பின் வாய் திறப்பதன்று அவர் முறை. வாய் திறப்பதனால் இருதயம் சூடேறுகிறது. நல்ல நாவிதன் கத்தியிலும் மயிரிலும் கண்வைத்திருக்க வேண்டும். பேச்சிலே கருத்தைச் செலுத்தினால் எதிரே இருப்பவரின் மூக்கை அறுத்துவிடுவான் என்று நகைச்சுவையோடு கவனத்தின் தேவையையும் உணர்த்துகிறார்.

இந்த நாவிதரின் பின்வரலாறு துயரமானது. அதே ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையை அடுத்த வேளையில், குடும்ப விருந்தொன்றில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லுத்தர் முதலியோர் பரிந்து பேசியதனால் மரண தண்டனைக்குத் தப்பி நாடுகடத்தப்பட்டார். ஜெபத்தைப் பற்றிய ஓர் அருமையான நூல் இவரைத் தீமைக்கு விலக்கிக் காக்கும் தாயத்தாக அமையவில்லை. ஆயினும் அந்நூலை லுத்தர் திரும்பப் பெறவுமில்லை. அந்த மனிதரைக் கைவிடவுமில்லை.

4. வைமர், 1540: அருளப்பட்ட மன்றாட்டு

1540 மார்ச்சு 4ஆம் நாள், ஹெஸ்ஸே நாட்டின் சிற்றரசர் பிலிப்பு, முதல் மனைவி உயிரோடிருக்கையிலேயே வேறொரு பெண்ணை மணந்தார். 1539 டிசம்பரில் இதற்கு இரகசிய ஆலோசனை வழங்கியவர்கள் லுத்தரும் மெலாங்க்தனுமே. மெலாங்க்தன் அத்திருமணத்துக்கும் சென்றிருந்தார். செய்தி வெளியானதும் சீர்திருத்தத்தின் நற்பெயருக்கே களங்கம் நேர்ந்தது. மென்மையான உள்ளம் படைத்த மெலாங்க்தன், ஹாகெனாவில் கூடவிருந்த பேச்சுவார்த்தைக்குச் செல்லும் வழியில், வைமர் நகரில் மனமுடைந்து நோயுற்று மரணத் தறுவாயை அடைந்தார்.

ஜூன் மாதத்தில் லுத்தர் அங்கு வந்து நண்பரின் நிலையைக் கண்டு திடுக்கிட்டார். சன்னலை நோக்கி நின்று அவர் மன்றாடிய விதத்தைப் பிற்காலத்தார் பலவாறு விரித்தெழுதியுள்ளனர். தேவனுடைய வாக்குத்தத்தங்களையெல்லாம் அவர் முன்னே எடுத்துவைத்து, கேட்டே ஆகவேண்டும் என்று வழக்காடியதாக அவை கூறுகின்றன. அவற்றின் ஒவ்வொரு சொல்லையும் நாம் உறுதியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜூலை 2ஆம் நாள் லுத்தர் தம் மனைவிக்கு எழுதிய கடிதமே போதுமான சான்று. பிலிப்பு மெலாங்க்தன் உண்மையாகவே மரித்திருந்தார் என்றும், லாசருவைப்போல உயிர்பெற்றெழுந்தார் என்றும் அதில் மகிழ்ந்து எழுதுகிறார். 1537இல் ஷ்மால்கால்டனில் கல்லடைப்பினால் மரணத்தறுவாயிலிருந்த தம்மையும், 1540இன் தொடக்கத்தில் கருச்சிதைவுற்று நோயில் கிடந்த கத்தரீனாவையும், வைமரில் மெலாங்க்தனையும் ஜெபத்தினாலே தேவன் திரும்பத் தந்தார் என்று பின்னொருமுறை பந்தியில் கூறினார். 1541 ஜனவரியில், காசநோயால் மெலிந்து மரணத்துக்கு ஆயத்தமாயிருந்த கோத்தா நகரப் போதகர் மிக்கோனியுசுக்கு, தமக்கு முன் அவர் மரிக்கத் தாம் இசையமாட்டேன் என்று எழுதினார். மிக்கோனியுசு 1546 ஏப்ரலில்தான் மரித்தார். லுத்தர் அவருக்கு ஏழு வாரம் முந்தி, பிப்ரவரி 18இல், மரித்திருந்தார்.

வைமரில் நேர்ந்த நெருக்கடி புறத்தேயிருந்து வந்ததன்று. ஆலோசனை கொடுத்தவர்களின் தவற்றிலிருந்தே பிறந்தது. தகுதியைக் கணக்கிட்டு மன்றாட வேண்டுமாயின் லுத்தர் அன்று வாய்திறந்திருக்க முடியாது.

5. விட்டன்பர்க், 1542: அருளப்படாத மன்றாட்டு

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால், உருக்கமாய் ஜெபித்தால் நோயாளி பிழைப்பார் என்று நாம் எளிதாகப் போதித்துவிடலாம். ஆனால் முடியவில்லை.

கொள்ளைநோயின் நடுவே, 1527 டிசம்பர் 10இல் பிறந்த மகள் எலிசபெத்து, எட்டு மாதம் நிரம்புமுன் 1528 ஆகஸ்டு 3இல் மரித்தாள். பிள்ளைகளுக்காகத் தகப்பனின் உள்ளம் இவ்வளவு இளகும் என்று தாம் எண்ணியதேயில்லை என அப்போது லுத்தர் நண்பருக்கு எழுதினார். 1529 மே 4இல் மக்தலேனா பிறந்தாள். 1542 செப்டம்பரில், 13 வயதில், அவள் கடும் நோயுற்றாள். தோர்கௌ நகரப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த அண்ணன் ஹான்சைக் காண அவள் ஏங்கியதால், அவனை உடனே அனுப்பும்படி அப்பள்ளியின் ஆசிரியருக்குச் செப்டம்பர் 6ஆம் நாள் லுத்தர் எழுதினார். மெலாங்க்தனுக்காக மன்றாடிய அதே வாய் மகளுக்காகவும் மன்றாடிற்று. தாம் அவளை மிகவும் நேசிப்பதாகவும், ஆயினும் தேவன் அவளை எடுத்துக்கொள்ளச் சித்தமானால் அவரிடம் இருப்பதையே விரும்புவதாகவும் அவர் ஜெபித்ததைப் பந்தியுரைகளைக் குறித்துவைத்தோர் பதிந்துள்ளனர். இந்தத் தகப்பனிடம் இருக்கவும் மகிழ்ச்சியா, அந்தத் தகப்பனிடம் செல்லவும் மகிழ்ச்சியா என்று மகளிடம் கேட்டார். தேவ சித்தப்படியே ஆகட்டும் என்றாள் சிறுமி. செப்டம்பர் 20ஆம் நாள், கட்டிலருகே முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்த தகப்பனின் கைகளில் அவள் உயிர் பிரிந்தது. தாய் அதே அறையில், துக்கம் தாளாமல் சற்று விலகி நின்றார்.

மூன்று நாள் கழித்து யோனாசுக்கு லுத்தர் எழுதிய கடிதம் திருச்சபையின் ஜெப வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. மகள் மாம்சத்தினின்றும் உலகத்தினின்றும் விடுதலையடைந்து பாக்கியமாய்ச் சென்றதற்காகத் தாமும் மனைவியும் மகிழ்ந்து ஸ்தோத்திரம் செலுத்த வேண்டியவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் பெற்ற பாசத்தின் வலிமையால் அழுகையும் விம்மலும் இன்றி அது தங்களால் இயலவில்லை என்கிறார். அவளுடைய முகமும் சொற்களும் செயல்களும் இருதயத்தின் ஆழத்தில் பதிந்திருப்பதால், கிறிஸ்துவின் மரணத்தை நினைப்பதும் அத்துயரத்தை முற்றிலும் அகற்றவில்லை என்று மறைக்காமல் எழுதுகிறார். ஆகவே எங்களுக்குப் பதிலாக நீர் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தும் என்று நண்பரை வேண்டுகிறார்.

1527இல் தமக்காக வேண்டுதல் செய்யும்படி நண்பரைக் கேட்டவர், 1542இல் தமக்குப் பதிலாக நன்றி செலுத்தும்படியும் நண்பரைக் கேட்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் யோனாசின் மனைவி மரித்தபோது அவருக்கு ஆறுதல் எழுதியவர் லுத்தர். ஒருவர் வாய் அடைபட்ட வேளையில் மற்றவர் வாய் அவருக்காகத் திறந்தது.

6. ஊழியருக்கு உரியவை

இவ்வரலாற்றிலிருந்து சிலவற்றை நாம் தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, ஜெபத்தின் உருக்கத்தை அதன் விளைவினால் அளக்கலாகாது. வைமரில் நின்ற லுத்தருக்கு அதிக விசுவாசமும், மகளின் கட்டிலருகே நின்ற லுத்தருக்குக் குறைந்த விசுவாசமும் இருந்தன என்று சொல்ல எவர் துணிவார்? கெத்செமனேயில் நம் ஆண்டவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் மன்றாடினார். அவர் கேட்கப்பட்டார் என்று எபிரெயர் நிருபம் சாட்சி கூறுகிறது (5:7). ஆயினும் பாத்திரம் நீங்கவில்லை. குமாரனுக்கே இப்படியிருக்க, பிள்ளையை இழந்த தாயிடம் உன் ஜெபம் போதாது என்று கூறுவது சுவிசேஷமாகாது. அவ்வாறு நேரடியாகக் கூறாவிடினும், அருளப்பட்டவற்றை மட்டுமே சாட்சிக் கூட்டங்களில் எடுத்துரைத்து மற்றவற்றை மூடிவைப்பதும் அதே பாரத்தைத்தான் சுமத்துகிறது.

இரண்டாவது, ஜெபிக்க இயலாதவனிடம் ஊக்கமாய் ஜெபி என்று அறிவுரை கூறுவது, நடக்க இயலாதவனிடம் விரைந்து நட என்பது போன்றது. அவனுக்குச் சொற்களைக் கொடுக்க வேண்டும். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்களும் முறையீடுகளும் மிகப் பல இருக்கின்றன. ஆராதனையில் நாம் வாசிப்பவையோ பெரும்பாலும் துதியின் சங்கீதங்களே. சபை நலமாயிருக்கும் நாள்களிலேயே 13, 42, 88, 130 முதலிய சங்கீதங்களை வாசித்துப் பழக்கினால், துன்பநாளில் அவை நாவில் வந்து நிற்கும்.

மூன்றாவது, மருத்துவரை நாடுவதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மருந்தை விட்டுவிடுவதே விசுவாசம் என்று போதிக்கப்படும் இடங்களில், 1527இல் கொள்ளைநோய் நகரிலே தங்கி ஊழியம் செய்த ஒரு போதகர் அதனைத் தேவனைச் சோதித்தல் என்றே எழுதினார் என்பதை நாம் நினைப்பூட்டலாம்.

நான்காவது, போதகருக்கும் பிறருடைய ஜெபம் தேவை. சபையாருக்காக ஓயாமல் ஜெபிக்க அழைக்கப்பட்ட நாம், நம்முடைய வறட்சியை எவருக்கும் சொல்லாமல் மறைத்துக்கொள்வதைக் குருத்துவத்தின் மேன்மை என்று எண்ணிவிடுகிறோம். லுத்தர் அவ்வாறு எண்ணவில்லை. எனக்காக வேண்டும், எனக்குப் பதிலாக ஸ்தோத்திரம் சொல்லும் என்று உடன் ஊழியரிடம் கேட்க முடிவது பலவீனமன்று. பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவதன் மெய்ப்பொருள் அதுவே.

இறையியல் மாணவர்கள் தங்கள் ஊழியத்தின் முதல் ஆண்டிலேயே ஏதேனும் ஒரு மரணப்படுக்கையருகே நிற்க நேரிடும். அங்கே உள்ளம் உருகாமல் உறைந்துபோகலாம். கற்ற பிரசங்கக் குறிப்புகள் நினைவுக்கு வராமற்போகலாம். அஞ்ச வேண்டுவதில்லை. வேதத்தைத் திறந்து ஒரு சங்கீதத்தை வாசியுங்கள், கர்த்தருடைய ஜெபத்தைக் குடும்பத்தாரோடு சேர்ந்து சொல்லுங்கள், அழுகிறவர்களோடு அமர்ந்திருங்கள். அவர்களால் செலுத்த முடியாத ஸ்தோத்திரத்தை, அவர்களுக்குச் செலுத்தும் நாள் வருமளவும், அவர்களுக்குப் பதிலாக நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்.